இலவு காத்த கிளியின் மனத்தில் குறையில்லை

பின்னடைவு என்று தனியாக ஒன்று கிடையாது, பார்க்கும் பார்வையில்தான் எல்லாம் இருக்கிறது என்பது இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. பள்ளி ஆண்டு விழாவில் பேசுகிறவர் இதைச் சொல்கிறார். மகளிர் குழுப் பயிற்சியிலும், மழை பொய்த்த ஆண்டில் விவசாயிகளுக்கு நடக்கும் முகாமிலும், காலையில் கைப்பேசிக்கு வந்து விழும் வாழ்த்துச் செய்தியிலும் இதுவே ஒலிக்கிறது. மனத்தை மாற்றினால் நிலைமை மாறும். விழுந்தவர் எழவில்லை என்றால் அவர் மனம் இன்னும் மாறவில்லை என்று பொருள்.

இக்கருத்தின் நலிந்த வடிவத்தைப் பிடித்து அடிப்பது நேர்மையாகாது. அதன் பலமான வடிவம் இது: ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே அளவு நட்டப்பட்ட இருவரில் ஒருவர் மீள்கிறார், மற்றவர் மூழ்குகிறார். இழப்பு சமம் என்பதால் வேறுபாடு வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. தவிர, மழையும் விலையும் சட்டமும் தனி மனிதரின் பிடியில் இல்லை. பிடியில் இருப்பது மனம் ஒன்றுதான். இருப்பதைக் கொண்டு தொடங்குவதுதான் அறிவு. எம்.எஸ்.உதயமூர்த்தி போன்றவர்கள் இதைச் சொல்லியும் எழுதியும் சோர்ந்து கிடந்த இளைஞர்கள் பலரை எழுப்பினார்கள் என்பதும் மறுக்க முடியாத உண்மை.

இத்தனை நியாயமும் இருந்தும் கருத்து தவறானது. அதைப் பிழை என்று காட்ட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேனி மாவட்டத்தின் இரண்டு பள்ளத்தாக்குகள் போதும்.

1. மனம்தான் காரணம் என்றால் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏன் வேறு வேறு? மேகமலைத் தொடருக்கு மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு, கிழக்கே வருசநாடு. இடையில் இருப்பது ஒரு மலைமுதுகு. பேச்சு ஒன்று, கும்பிடும் சாமிகள் ஒன்று, கொள்வினை கொடுப்பினை உறவும் உண்டு. மேற்குப் பக்கத்தில் லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரு போகம் நெல் விளைகிறது. கிணறும் வாய்க்காலும் நிறைந்திருப்பதால் திராட்சைப் பந்தல்கள் பச்சை குறையாமல் நிற்கின்றன. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிழக்கில் நிலைமை வேறு. வைகை பிறப்பதே வருசநாட்டு மலையில்தான். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி மூல வைகையில் ஓடுவது மணல். பெரியாற்று நீர் மலைமுதுகைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதில்லை. ஆற்றின் தலைமாட்டில் குடியிருந்துகொண்டு, கிணற்றையும் வானத்தையும் நம்பி, இலவும் கொட்டைமுந்திரியும் மொச்சையும் அவரையும் வைத்துப் பிழைக்கிறார்கள்.

மேற்குப் பள்ளத்தாக்கின் வாழ்வை மாற்றியது 1895இல் திறந்த பெரியாறு அணை. அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் அங்கே மாறியது மனமா, மதகா? நீர் வந்தாலும் உழைக்கும் மனம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் உழைப்பு இரு பக்கமும் இருக்கிறது. சொல்லப்போனால் செங்குத்தான மலைச்சரிவில் மொச்சை போடுகிறவரின் உழைப்பு ஒரு பிடி கூடுதல். இரு பக்கமும் பொதுவாக உள்ள ஒன்று இரு பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்குக் காரணமாக முடியாது. தர்க்கத்தின் அரிச்சுவடி இது.

2. பென்னிகுவிக்கை எடுத்துக்காட்டுகிறவர்கள் கதையின் பாதியைத்தான் சொல்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ‘தோல்வியை வெற்றியாக்கிய மனம்’ என்று பேச்சு வந்தால் முதலில் வரும் பெயர் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். பொங்கலோடு சேர்த்து ஊர்கள் அதைக் கொண்டாடுகின்றன. லோயர் கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அந்த நன்றி முழுக்க அவருக்கு உரியது. தொடக்கத்தில் கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, அவர் மனம் தளரவில்லை, சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று கதை சொல்லப்படுகிறது. சொத்தை விற்றாரா என்ற வாதத்துக்குள் இங்கே போக வேண்டியதில்லை. விற்றார் என்றே வைத்துக்கொண்டால், விற்பதற்கு அவரிடம் சொத்து இருந்தது என்றாகிறது. அப்போதும் கதை காட்டுவது மனத்தை மட்டும் அல்ல.

மேற்கே வீணாக ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பென்னிகுவிக்கோடு பிறந்ததும் அல்ல. இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789இலேயே அதை ஆராய்ந்தார். வறட்சியில் வாய்ப்பைக் காணும் மனம் என்றால் அதைவிடச் சிறந்த மனம் எது? செலவு தாங்காது என்று அவர் கைவிட வேண்டியதாயிற்று. 1808இல் கேப்டன் கால்டுவெல் பார்வையிட்டு, ஆகாத வேலை என்று எழுதிவைத்தார். 1850இல் வேலை தொடங்கியே விட்டது. காட்டின் நோய்ச் சூழலைச் சொல்லித் தொழிலாளர்கள் கூலி உயர்த்திக் கேட்க, அதுவும் நின்றது. பிறகு திட்டங்கள் வரைவதும் திருத்துவதுமாக ஆண்டுகள் ஓடின. 1876இல் தொடங்கிய தாது வருசப் பஞ்சம் குறுக்கிட்டது. பாசனத்தில் பணத்தைப் போடாமல் இனித் தீராது என்ற நிலைக்கு அரசு வந்தது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். 1882இல் ஒப்புதல் கிடைத்தது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது: 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய். 1887இல் வேலை தொடங்கியது. மதராஸ் பயனீர் படையின் இரண்டு பட்டாலியன்கள் வந்தன. நீர்த் தடுப்பு கட்டக் கொச்சியிலிருந்து தச்சர்கள் வந்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கற்பொடியும் வந்தன. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் போயிற்று. வெள்ளம் அடித்துப் போனதற்கு மறு பருவமும் வேலை நடந்ததற்குக் காரணம், மறு பருவத்துக்கும் ஆளும் தளவாடமும் இருந்ததுதான்.

ஆக, எண்ணம் நூறாண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. பணமும் ஒப்பந்தமும் அரசின் உறுதியும் சேர்ந்தபோதுதான் அது அணையானது. முத்திருளப்ப பிள்ளைக்கும் பென்னிகுவிக்குக்கும் இடையிலுள்ள தொலைவை மனத்தால் அளக்க முடியாது. அணை கட்டும்போது நோயில் இறந்தவர்களாகப் பதிவானவர்கள் 483 பேர். அணைக்கு வடக்கே காட்டில் அவர்களின் இடுகாடு இருக்கிறது. தன்னம்பிக்கை மேடைகளில் அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

3. பையின் நிலையே மனத்தின் நிலையை ஆக்குகிறது; கருத்தாளர்கள் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2013இல் சயின்ஸ் இதழில் வந்தது. கரும்பில் காசு வருவது ஆண்டுக்கு ஒருமுறை. வெட்டுக்கு முன் கை வறண்டிருக்கும், வெட்டுக்குப் பின் கொஞ்சம் மூச்சு விடலாம். அதே விவசாயிக்கு முன்னும் பின்னும் அறிவுத்திறன் சோதனைகள் வைத்தார்கள். வெட்டுக்குப் பின் அவர் தெளிவாகச் சிந்தித்தார். வெட்டுக்கு முன் அதே மனிதர் தடுமாறினார். வேறு ஆள் இல்லை, வேறு படிப்பு இல்லை. கடன்காரர் முகம் கண்ணுக்குள் நிற்கும்போது மூளையில் மற்றதற்கு இடம் குறைகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். இருவரில் மீண்டவரின் மனம் தெளிவாக இருந்தது என்று சொல்கிறவர்கள், அந்தத் தெளிவுக்குக் காரணம் மாமனார் வீட்டிலிருந்து வந்த இருபதாயிரமா என்று விசாரிப்பதில்லை. இழப்பு சமமாக இருக்கலாம். இழந்தபின் மீதி இருந்தது சமமா?

மனப்போக்கை மாற்றும் பயிற்சிகளையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2019இல் நேச்சர் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பங்கேற்றார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சிதான். படிப்பில் பின்தங்கியவர்களின் மதிப்பெண் 0 முதல் 4.3 வரையான அளவுகோலில் 0.1 புள்ளி உயர்ந்தது. கூடப் படிக்கிறவர்களின் போக்கு ஆதரவாக இருந்த பள்ளிகளில் பலன் கூடுதலாக இருந்தது. மலிவான பயிற்சிக்கு இது நல்ல பலன்தான், ஐயமில்லை. ஆனால் மேடையில் வாக்களிக்கப்படுவது புள்ளி ஒன்று அல்ல, வாழ்க்கையே மாறும் என்பது. அந்தச் சிறு பலன்கூடச் சூழலைப் பொறுத்தே கூடிக் குறைகிறது.

4. பின்னடைவு ஒருவருக்கு, வாய்ப்பு இன்னொருவருக்கு. கருத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு வட்டாரத்தின் இலவம்பஞ்சைப் பார்த்தால் இது கண்முன் தெரியும்.

மாசி, பங்குனியில் இலவ மரத்தில் இலை இருக்காது. நெத்து மட்டும் தொங்கும். முள் நிறைந்த அடிமரத்தில் ஏறி, சுலபமாக முறியும் கிளையில் கால் ஊன்றி, தொரட்டிக் கம்பால் உலுக்கி விடுகிறார் ஒருவர். கீழே பெண்கள் பொறுக்கிச் சாக்கில் போடுகிறார்கள். களத்தில் காயப்போட்டு, ஓட்டை உடைத்து, பஞ்சை உருவி, கொட்டையைப் பிரிக்க அடிக்க வேண்டும். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாலும் மாலையில் இமை மயிரெல்லாம் பஞ்சு. பகல் முழுக்க அடித்துத் திணித்த சாக்கைத் தராசில் வைத்தால் முள் அசைய யோசிக்கும், அத்தனை லேசு. இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் நூலாகத் திரிக்க வராது. மெத்தைக்கும் தலையணைக்கும் அடைக்கத்தான் ஆகும். உள்ளே காற்று நிறைந்த இழை என்பதால் நீரில் மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்குள் வைத்தார்கள். செயற்கை இழையும் ரப்பர் நுரை மெத்தையும் வந்து இரண்டு சந்தையையும் பிடித்துக்கொண்டன.

விலை சரிந்த ஆண்டில் இந்த மரங்களை வைத்திருப்பவரிடம் ‘இதை வாய்ப்பாகப் பார்’ என்றால் அவர் என்ன செய்ய முடியும்? பஞ்சை இருப்பு வைத்து விலை ஏறும்போது விற்கலாம். அதற்குக் கொட்டகை வேண்டும். ஒரு தீப்பொறி போதும், கொட்டகையே போய்விடும் என்பதால் காவலும் வேண்டும். அதுவரை சாப்பிடப் பணமும் வேண்டும். மரத்தை வெட்டித் திராட்சை போடலாம். பந்தலுக்குக் கல்லும் கம்பியும் லட்சக்கணக்கில் ஆகும், நீர் அதைவிட அரிது. புதிதாக மரம் வைக்கலாம் என்றால் காய்க்க நாலைந்து ஆண்டு. சரிந்த விலை யாருக்கு வாய்ப்பு? பூ விடும்போதே முன்பணம் கொடுத்து மரத்தைக் குத்தகை பேசிவிட்ட வியாபாரிக்கு, கிடங்கு வைத்திருப்பவருக்கு, ‘இயற்கை மெத்தை’ என்று நகரத்தில் விலை வைத்து விற்கிறவருக்கு. அவர்கள் மனத்தை மாற்றிக்கொள்ள அவசியமே ஏற்படவில்லை. வறட்சியில் பாதி விலைக்கு ஆட்டை விற்பவரின் இழப்பு, வாங்குபவரின் இலாபம். இரண்டையும் ஒரே ஆளின் வாழ்க்கைக்குள் அடைத்து, முதல் பாதி கஷ்டம் மறுபாதி வெற்றி என்று சொல்வது கணக்குப் பிழை.

வைகை அணையும் அதே கணக்குதான். 1959இல் அணை திறந்தது. மதுரைச் சீமைக்கு நீர் கிடைத்தது. நீர்ப்பிடிப்புக்குள் போன ஊர்க்காரர்கள் வீட்டையும் கொல்லையையும் விட்டு ஏறினார்கள். வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவல் அவர்களைப் பற்றியது. 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்த இழப்பு வாய்ப்பானது உண்மை. யாருக்கு என்பதுதான் கேள்வி.

இலவு காத்த கிளி என்ற பழமொழி இந்த மரத்தைப் பார்த்துச் சொன்னதுதான். கிளியின் மனத்தில் என்ன குறை? பொறுமை இருந்தது, நம்பிக்கை இருந்தது, காய் பழுக்கும் என்ற உறுதி இருந்தது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் கேட்கும் அத்தனை குணமும் அதனிடம் இருந்தது. காய் பழுக்காமல் வெடித்துப் பஞ்சாகப் பறந்தது இலவத்தின் இயல்பால். கிளியின் மனநிலையால் அல்ல. பழி சொல்ல வேண்டுமானால், மரத்தைத் தெரிந்துகொள்ளவில்லை என்று சொல்லலாம்.

5. வாய்ப்பு என்று அவசரமாகப் பெயர் சூட்டினால் பின்னடைவு சொல்ல வந்தது காதில் விழாது. தோல்வி ஒரு தகவல். எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று அது சொல்கிறது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று தொடங்கிவிட்டால் அந்த விசாரணை நின்றுவிடும்.

வருசநாட்டு மலைக் கிராமங்களில் பலரின் பின்னடைவுக்கு வேர் ஒரு தாள். தலைமுறையாக உழும் நிலம் வனத்துறைக் கணக்கில் காடு. 2006 வன உரிமைச் சட்டம் பளியர் போன்ற பழங்குடியினருக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மற்றவர்கள் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிறுவ வேண்டும். பல குடும்பங்களிடம் அதற்குச் சான்று இல்லை. 2021 பிப்ரவரியில் ஶ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபின் நெருக்கடி கூடியது. வைகையின் ஊற்றுக்கண்ணைக் காக்கக் காடு தேவை என்பதில் இரு கருத்து இல்லை. அதன் விலையை யார் தலையில் வைப்பது என்பதில்தான் வழக்கு. பட்டா இல்லாவிட்டால் சிட்டா அடங்கல் இல்லை. அவை இல்லாவிட்டால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இல்லை. பயிர்க்கடன் இல்லாததால்தான் பூவிலேயே முன்பணம் வாங்க வேண்டியிருக்கிறது. முன்பணம் வாங்கியதால்தான் விலையை வியாபாரி வைக்கிறார். பின்னடைவை இப்படி நூல் பிடித்துப் பின்னோக்கிப் போனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் போய் நிற்கும். மனமாற்றப் பயிற்சி அந்த நூலை முதல் முடிச்சிலேயே அறுத்து, ‘உள்ளே பார்’ என்கிறது. கேள்வி கேட்கப்பட வேண்டிய மேசைகளுக்கு இதைவிட வசதியான அறிவுரை கிடையாது.

திருக்குறளைத் துணைக்கு அழைப்பவர்களுக்கும் ஒரு சொல். ‘இடுக்கண் அழியாமை’ அதிகாரத்தைத்தான் எல்லா மேடையிலும் எடுக்கிறார்கள். அது 63ஆவது அதிகாரம். இறைமாட்சியில் தொடங்கும் அரசியல் பகுதியின் கடைசி அதிகாரம். அரசனை நோக்கியது, படையும் பொருளும் உள்ளவன் துன்பத்தில் கலங்கக் கூடாது என்பது. அதற்குப் பல அதிகாரங்களுக்கு முன்பே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று வரிசையாக நிற்கின்றன. தன் பலத்தையும் பொழுதையும் களத்தையும் அளந்த பிறகு வரும் கலங்காமை அது. முன்னுள்ளவற்றைக் கிழித்துவிட்டுக் கடைசி ஏட்டை மட்டும் ஏழையின் கையில் கொடுப்பது வள்ளுவருக்குச் செய்யும் நியாயம் இல்லை.

6. எண்ணப்படுகிறவர்கள் வென்றவர்கள் மட்டுமே. கடனில் கடை வைத்துத் தூக்கி நிறுத்தியவர் மேடைக்கு அழைக்கப்படுகிறார். அதே மனத்தோடு, அதே கடனில், அதே கடை வைத்து மூடியவர்கள் திருப்பூருக்கோ கேரளத்து ஏலத்தோட்டத்துக்கோ போய்விட்டார்கள். அவர்களின் மனத்தை அளந்தவர் யார்? இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. நட்டம் ஒன்றுதான் இருந்தது. இப்போது ‘நம்பிக்கை போதவில்லை’ என்ற குற்றமும் சேர்ந்துகொள்கிறது. விளைச்சல் போனவர் அக்கம்பக்கத்தில் சொல்லி உதவி கேட்கலாம். மனம் சரியில்லாதவர் என்று பெயர் வாங்கியவர் வாயை மூடிக்கொள்கிறார். பூச்சிமருந்துப் புட்டி வீட்டிலேயே இருக்கும் ஊர்களில் அந்த மௌனம் ஆபத்தானது.

அப்படியானால் மனத்துக்கு எந்த வேலையும் இல்லையா? இருக்கிறது; அதன் வரிசைதான் வேறு. அழகர்கோயில் பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையை எல்லோருக்கும் தெரியும். நிலமில்லாத விவசாயக் கூலி. களஞ்சியம் என்னும் மகளிர் சேமிப்புக் குழுக்களின் தலைவியாகி, 2001இல் டில்லியில் விருது வாங்கியபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். அவரது துணிவைப் பேசுகிறவர்கள் அதன் அடியில் இருந்த சேமிப்புக் கணக்கைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பெண்கள் மாதாமாதம் சிறுகச் சேர்த்து ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொண்டார்கள். வட்டிக்காரரிடம் போக வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. பேரம் பேசும் குரல் அதற்குப் பிறகு உயர்ந்தது. துணிவு அங்கே விளைந்த பயிர். போட்ட உரம் வேறு.

அப்படிப்பட்ட இன்னோர் உரமாக, தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பொருளீட்டுக் கடன் என்று ஓர் ஏற்பாடு உண்டு. விளைபொருளைக் கிடங்கில் வைத்துவிட்டு அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாக வாங்கிக்கொண்டு, விலை ஏறும்வரை சில மாதம் காத்திருக்கலாம். அந்த வசதி கைக்கெட்டுகிற விவசாயிக்கு விலைச் சரிவு பொறுத்திருக்கும் பருவம். இலவம்பஞ்சு விவசாயிக்குக் கடமலைக்குண்டிலோ வருசநாட்டிலோ தீப்பிடிக்காத ஒரு கிடங்கும், பட்டா கேட்காமல் பஞ்சை மட்டும் ஈடாக எடுக்கும் ஒரு சங்கமும் கிடைத்தால், அடுத்த முறை பூவைப் பார்த்து முன்பணம் நீட்டுகிற கைக்கு அவர் ‘இப்போது வேண்டாம்’ என்று பதில் சொல்லலாம்.